பெட்டியை முறைப்படி நிறுத்துதல்

“சேர், நீங்க பியைத்தானே நிப்பாட்டினீங்க? இங்க ஏயிண்ட லைட்டெல்லோ அணைஞ்சிரிக்கி!” என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார் ரிப்கான்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த றேமண்ட் ஸ்கிரீனை இன்னொரு முறை பார்த்தார்.

துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் கொட்டாஞ்சேனைக் கம்பனி அது. கம்பனியின் கணினிக் கோப்புகள் அத்தனையும் கீழ்மாடியில் இருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் என்று சொல்லித்தான் முதலாளி பிறெடி, அதைப் பார்த்துக்கொள்ள றேமண்டை வேலைக்கு எடுத்திருந்தார். பெட்டியை இயக்க ஏ, பி என்று இரண்டு கொன்ட்ரோலர்கள். ஒன்று ஓய்ந்தால் மற்றது சுமக்கும். இப்போது பியின் பற்றரி பழுது. மாற்றத்தான் டெக்னீஷியன் ரிப்கான் வந்திருந்தார். பியை முறைப்படி நிறுத்தி, அதன் விளக்கு அணைந்த பிறகுதான் கழற்ற வேண்டும். முறை பாராமல் வயரைப் பிடுங்கிப் பெட்டியையே நிற்க வைத்த புண்ணியவான் றேமண்டுக்கு முன் அதே கதிரையில் இருந்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார்.

“இண்டைக்குக் கப்பல் வருது. பெட்டி ஒரு நிமிஷம் நிண்டாலும் நீரும் வீட்டுக்குத்தான்” என்று பிறெடி காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

“ஸ்கிரீன்ல பி நிண்டிட்டுது எண்டுதான் காட்டுது, ரிப்கான்.”

“லைட் பொய் சொல்லாது சேர்.”

ஸ்கிரீனும் பொய் சொல்லாது என்பதுதான் றேமண்டின் தலையிடி. கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

“பியை நிப்பாட்ட ஏ அணையுது எண்டா, ஏயை நிப்பாட்ட பி அணையத்தானே வேணும்?”

“கணக்கு சரி மாதிரித்தான் இரிக்கி” என்றார் ரிப்கான், அவ்வளவு உறுதியில்லாமல்.

றேமண்ட் பியை எழுப்பினார். கையோடு ஏயை நிறுத்தச் சொன்னார். ‘மற்றது இன்னும் தயாரில்லை. நிறுத்தியே ஆக வேண்டுமா?’ என்று ஸ்கிரீன் கேட்டது. நிறுத்தியே ஆக வேண்டும்தானே! ஓம் என்று அழுத்தினார்.

பெட்டியின் இரைச்சல் நின்றது. அறை செத்த வீடு போலானது.

“சேர், இப்ப ரெண்டும் அணைஞ்சிட்டு.”

“அந்தோனியாரே!”

“இந்த ஏ, பி ஸ்டிக்கர் ஒட்டினது யாரு சேர்?”

“நான்தான், போன கிழமை. முன்னால நிண்டு வடிவாப் பாத்து, இடப்பக்கம் ஏ, வலப்பக்கம் பி எண்டு கையில எழுதிக்கொண்டு போய்…”

“கொன்ட்ரோலர் பின்னாலயெல்லோ இரிக்கி! பின்னால வந்தா இடம் வலமாகிருமே!”

அப்படியானால் முதலில் நிறுத்தியது சரியானதைத்தான். றேமண்ட் தலையில் கைவைத்தார்.

“பற்றரியைப் போட்டு ரெண்டையும் எழுப்புறேன். கொஞ்சம் சுணங்கும். நீங்க மேல போய்ச் சமாளிங்க.”

மேலே போகும் துணிவு வரவில்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அலறும், இந்தா அலறும் என்று காத்திருந்தார். அது வாயே திறக்கவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது. திட்டு வாங்குவதைவிட இந்த அமைதி அவரைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. என்ன நடக்கிறதென்றே விளங்காமல் படியேறினார்.

மேல்மாடியில் எல்லோரும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். பிரின்டர் கப்பல் பத்திரங்களைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒருவர் அவற்றை அள்ளிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். கண்ணாடி அறைக்குள் பிறெடி போனில் யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். பெட்டி செத்துக் கிடக்க இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? றேமண்டுக்குத் தலை சுற்றியது. எதுவானாலும் பிடிபடுவதைவிடத் தானே ஒப்புக்கொள்வது மரியாதை என்று கண்ணாடி அறையை நோக்கி நடந்தார்.

வாசலோர மேசையிலிருந்த லவினா, பத்திரங்களுக்கு முத்திரை குத்தியபடி நிமிர்ந்தாள். “என்ன றேமண்ட் அண்ணா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?”

“பெட்டி ரெண்டு பக்கமும் நிண்டுபோச்சு, லவினா. பொஸ்ஸிட்டச் சொல்லப் போறன். என்ட வேலை போச்சு.”

லவினா பாய்ந்து அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

“மெல்லக் கதையுங்க அண்ணா! போன முறை அது நிண்ட நாளிலயிருந்து நாங்க ஒருத்தரும் அதுக்குள்ள ஒண்டும் வைக்கிறேல்ல, எல்லாம் எங்கட எங்கட கம்பியூட்டரிலதான். அது பொஸ்ஸுக்குத் தெரிஞ்சாத்தான் உங்கட வேலை போகும்.”