நாலாவது பைப்

"மணந்து பாருங்க மிஸ்." சுற்றாடல் அதிகாரி அஸ்ஃபர் போத்தலை ஜெயராணியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "தண்ணில பெற்றோல் ஈக்குது. ஒங்கட டேங்க் ஒழுகுது."

"என் டேங்க் ஒழுகாதுங்க சேர்."

கெலிஓயாவில் வண்டிகளுக்கு எண்ணெய் அடிக்கும் அந்தப் பெற்றோல் செட்டின் நிலத்துக்கு அடியில் மூன்று டேங்குகள். அவற்றைச் சுற்றி நாலு பைப்புகள் நிலத்தடி நீர்வரை இறங்கியிருந்தன. மாதம் ஒருமுறை அஸ்ஃபர் வந்து, கயிற்றில் போத்தலை இறக்கித் தண்ணீர் எடுத்துப் பார்ப்பார். டேங்க் கசிந்தால் அதில் தெரிந்துவிடும்.

"முந்தின சூப்பர்வைசர் இருக்கக்குள்ள ஒரு தரமும் இப்பிடி வரல்ல," என்றார் அவர்.

ஜெயராணிக்குச் சுருக்கென்றது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்து, எட்டு வருடம் வெயிலில் நின்று பம்ப் அடித்து, போன மாதம்தான் சூப்பர்வைசர் கதிரையில் உட்கார்ந்தவள் அவள். அதற்குள் இப்படி ஒரு பேச்சா?

"பைப்பு அழுக்கா இருந்திருக்கும். அடுத்த கிழமை வாங்க, காட்டுறேன்."

அவர் தலை மறைந்ததும் துப்புரவு வேலை பார்க்கும் பாப்பம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாலு பைப்பையும் சுத்தம் பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா?"

"பண்ணேனே புள்ள."

"பத்தல. இன்னும் நல்லா தேயுங்க."

அடுத்த கிழமை முதலாவது பைப்பிலேயே வாடை தூக்கியது.

"ஒங்க போத்தல்தான் சேர் அழுக்கு," என்று சண்டை பிடித்த ஜெயராணி, கம்பளை ரோட்டுக்கு ஓடி நாலு புதுப் போத்தல் வாங்கி வந்தாள். புதுப் போத்தலிலும் அதே வாடை. இந்த முறை தண்ணீரின் மேல் வானவில் வேறு மிதந்தது.

அஸ்ஃபர் கடிதம் ஒன்றை நீட்டினார். அடுத்த சோதனையிலும் இப்படியென்றால் செட்டுக்கு சீல். பதினொரு பேருக்கு வேலை போகும். முதலாளி போனில் கத்தினார்: "ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு!"

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க மன்னிப்பு? தோண்டிப் பாத்துருவோம்."

"தோண்டினா ஒன் வேலை போயிரும்!"

"ஒழுகினாத்தானேங்க போகும்?"

போனை வைத்தாள். கொங்கிரீட்டை உடைக்க ஆள் வந்தது. தூசி பறந்தது. எண்ணெய் அடிக்க வந்த திரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகும் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. ஜெயராணி அசரவில்லை. ஓடிய ஓட்டத்திலும் பாப்பம்மாவிடம் சொல்ல மறக்கவில்லை.

"அக்கா, நாளைக்குத்தான் கடைசி சோதனை. பைப்பு கண்ணாடியா இருக்கணும்!"

மறுநாள் அஸ்ஃபர் குழிக்குள் இறங்கி, மூன்று டேங்குகளையும் தடவினார், தட்டினார், முகர்ந்தார். ஒரு கீறல் இல்லை. சுற்றியிருந்த மண்ணிலும் வாடை இல்லை.

"டேங்க் மூணும் நல்லா ஈக்குது மிஸ்," என்றார் மேலே ஏறி வந்து.

ஜெயராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"

அஸ்ஃபர் பைப்புகளில் போத்தலை இறக்கினார். நாலாவது பைப்பிலிருந்து வந்ததை ஒரு மோட்டார் சைக்கிளுக்கே ஊற்றியிருக்கலாம். அவர் தலையைச் சொறிந்தார்.

"டேங்க் ஒழுகல்ல. அப்ப பைப்புக்குள்ள பெற்றோல் எப்பிடி?"

"இன்னுமா வெளங்கலங்க? எனக்கு இந்தக் கதிரை கெடச்சது பொறுக்காம எவனோ கொண்டாந்து ஊத்துறான்!" ஜெயராணியின் குரல் ரோட்டுக்குக் கேட்டது. "பொலிஸைக் கூப்பிடுங்க சேர். அது யாரா இருந்தாலும் சரி, உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

தேய்க்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி பாப்பம்மா முன்னால் வந்தாள்.

"என்னா புள்ள இப்பிடிப் பேசுற? நீ சுத்தம் பண்ணச் சொன்ன ஒவ்வொரு தடவையும், வெறுந் தண்ணியில பிசுக்குப் போகாதேன்னு, பைப்புக்கு ரெண்டு போத்தல் பெற்றோல் ஊத்தி நான்தானே தேச்சுக் கழுவினேன்!"