கிரேட் டூ அண்ணையும் வெள்ளைக் கணப்படுப்பும்

லண்டனில் வீடு வாங்கிய தமிழர்கள் எத்தனையோ பேர். அடுத்தவன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் கிரேட் டூ அண்ணை ஒருவர்தான்.

நான் வேலை பார்த்த கணக்காளர் அலுவலகம் ஜோர்ஜியன் காலத்து நாலு மாடி வீடொன்றில் இருந்தது. அண்ணை அதன் கேர்டேக்கர். சட்டம் பாதுகாக்கும் பழைய வீடு என்பதால் அதற்கு ‘கிரேட் டூ’, அதாவது இரண்டாம் தரம், என்றொரு தகுதி. வணக்கம் சொன்னாலும் அதைத்தான் பதிலாகச் சொல்வார். பெயரும் அதுவாகிவிட்டது.

ஒருமுறை கலண்டர் மாட்ட ஆணி கேட்டேன்.

“பிள்ளை, இருநூறு வருசச் சுவர். உம்மட நெத்தியில ஆணி அடிச்சா நீர் சும்மா இருப்பீரோ?”

அந்த வருடம் முழுக்கக் கலண்டர் கதிரையில் உட்கார்ந்திருந்தது. நான் நின்றுகொண்டு வேலை பார்த்தேன்.

தூக்கித் திறக்கும் மரச் சன்னல்கள் வேறு. மூடினாலும் காற்று விசிலடிக்கும்.

“அண்ணை, விறைக்குது. பிளாஸ்டிக் சன்னல் போட ஏலாதோ?”

“ஏலாது. உள்ள வாற குளிரும் அந்தக் காலத்துக் குளிர். அனுபவியும்!”

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். கீழ்மாடிச் சுவரில், குளிர்காய நெருப்பு மூட்டும் வெள்ளைப் பளிங்குக் கணப்படுப்பு ஒன்று இருந்தது. மேனேஜர் அதைப் பெயர்த்துவிட்டு அங்கே போட்டோகொப்பி மெசின் வைக்கத் திட்டமிட்டார். ஆட்கள் சுத்தியலோடு வந்தபோது, அண்ணை அடுப்புக்குள்ளேயே குந்தியிருந்தார்.

“சார், எந்திரிங்க. சட்டையெல்லாம் கரி,” என்றார் மேனேஜர்.

“வேணுமெண்டா என்னை வேலையை விட்டு நிப்பாட்டுங்கோ. நான் எழும்ப மாட்டன். நகரக் கவுன்சிலுக்கு அறிவிச்சிட்டன்.”

இரண்டு நாள் அங்கேயே சாப்பாடு. மூன்றாம் நாள் கவுன்சில் அதிகாரி வந்தார். அமைதியான பெண். மாடிப்படியைத் தடவிப் பார்த்தார், கூரையின் பூ வேலையை அண்ணாந்து பார்த்தார். எல்லாம் அசல், அருமையாகப் பராமரித்திருக்கிறீர்கள் என்றார். அண்ணை நாலு அங்குலம் உயர்ந்தார். பிறகு அதிகாரி கணப்படுப்பைத் தட்டினார். டொக் டொக் என்றது. டோர்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தார். பளிங்கே இல்லை, ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ அச்சில் வார்த்து ஒட்டியது. எடுத்தாலும் ஆட்சேபணை இல்லையாம்.

அண்ணை கரி படிந்த கால்சட்டையைத் தட்டிக்கொண்டே நின்றார். நாங்கள் சிரிப்போம் என்று பயந்திருப்பார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர்தான் தொண்டையைச் செருமினார். “இருக்கட்டும் சார். மெஷினை என் ரூம்லயே வச்சுக்கறேன்.”

அடுத்த நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது அண்ணை ஈரத்துணியோடு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அது டூப்பு எண்டு தெரிஞ்சுட்டுதே?”

“ஓம். அதுக்கென்ன? ஐம்பது வருசமா இஞ்ச நிக்குது. அதுவும் இந்த வீட்டு ஆள்தானே, பிள்ளை.”

நான் கைப்பையை வைத்துவிட்டு இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு வந்து, மறுபக்கத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.