ஆல்மா ரோட்டுக்கு ஒரு பஸ்

"நூலக அட்டை செல்லாதும்மா. அரசாங்கம் கொடுத்த, படம் போட்ட அட்டை வேணும்," என்றார் வாக்குச்சாவடி அதிகாரி கெவின்.

"முப்பது வருஷமா என் மூஞ்சியைப் பார்க்கிறே. அதுக்கு மேல உனக்கு என்ன படம்?" என்றார் மிசஸ் விக்கர்ஸ்.

சர்ச் மண்டபத்து வாசலில் நின்றிருந்த நாரிஸ் பிம்லாட் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆல்டர்பி நகரசபைத் தேர்தலில் அவர் சுயேச்சை. கொடுத்தது ஒரே வாக்குறுதி: நிறுத்தப்பட்ட ஆல்மா ரோட்டு பஸ்ஸை மறுபடி ஓட்டுவது. பஸ் நின்றதிலிருந்து அந்தத் தெருக் கிழவிகளை டாக்டரிடமும் கடைக்கும் தன் சின்னக் காரில் ஏற்றிப் போகிறவரும் அவர்தான். எதிராளி கிரீவ்ஸ் நெடுநாள் கவுன்சிலர். ஆல்மா ரோடு எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடியவர்.

"அரசாங்கம் கொடுத்த பஸ் பாஸ்ல படம் இருக்குமே, மிசஸ் விக்கர்ஸ். வாங்க, எடுத்துட்டு வந்துடலாம்."

பாஸ் சமையலறை ஜன்னலோரம் கிடந்தது. படத்தில் தலைமுடி மட்டும்தான் மிச்சம்.

"பஸ்ஸே இல்லாத ஊர்ல பாஸ் எதுக்கு? குளிர்காலத்துல கண்ணாடிப் பனியைச் சுரண்ட வச்சுக்கிட்டேன், கண்ணு."

கெவின் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் எங்கே?"

மிசஸ் விக்கர்ஸுக்குப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால், ஸ்பெயின் போய் வந்ததிலிருந்து அது தோழி டல்சியிடம். டல்சியோ பார்லரில், இன்னும் இரண்டு சிநேகிதிகளோடு, தலை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே.

"நாங்களும் ஓட்டுப் போடணும். உன் கார்லயே வர்றோம். தலை காயட்டும், இரு," என்றாள் டல்சி.

தலை காய்ந்தது. உடனே டீ வேண்டும் என்றார்கள்.

"இன்னிக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தா, லஞ்சம்னு உள்ளே வச்சிடுவாங்க."

"அப்போ நாங்க உனக்கு வாங்கித் தர்றோம். குடி."

நாரிஸ் பயந்துகொண்டே குடித்தார். பிறகு, மற்ற மூவரின் அட்டைகளும் மூன்று வீடுகளில் இருப்பது தெரிந்தது. பாஸ்போர்ட்டோடு அந்த மூன்றையும் தேடி எடுத்துத் திரும்பும்போது மேட்டில் கார் நின்றுவிட்டது.

"கொஞ்சம் இறங்குனீங்கன்னா..."

"காத்துல முடி கலைஞ்சிடும், கண்ணு."

நாலு பேரையும் உள்ளே வைத்து ஒற்றை ஆளாகத் தள்ளினார். ஒருவழியாக நால்வரும் ஓட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு, மூச்சிரைக்க அவர் சாவடிக்கு ஓடிவந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது.

"அட்டை?" என்றார் கெவின்.

நாரிஸ் சட்டைப்பையைத் தடவினார். ஓட்டுநர் உரிமம் இன்னொரு கோட்டில். வேறு வழியில்லாமல் தன் பிரசார நோட்டீஸை நீட்டினார். "இது நான்தானே, கெவின்?"

"நீதான். ஆனா அரசாங்கம் அடிச்ச படம் இல்லையே."

வீட்டுக்கு ஓடித் திரும்புவதற்குள் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் காலை, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அறிவித்தார்கள்: ஒரே ஓட்டில் கிரீவ்ஸ் வெற்றி.

நாரிஸின் பக்கத்தில் மனைவி ஜானிஸ் பல்லைக் கடித்தாள். "ஒரே ஒரு ஓட்டு. எந்தப் பாவி வீட்டுல படுத்துத் தூங்கினானோ?"

"தூங்கலை, ஜானிஸ். கோட்டை மாத்திப் போட்டுட்டு வந்துட்டான்."

"யாரு?"

"நான்தான்."

ஜானிஸ் அவரையே பார்த்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். கிரீவ்ஸ் வந்து கைகுலுக்கியதோ, யாரோ படம் எடுத்ததோ நாரிஸுக்கு உறைக்கவில்லை.

போன் அடித்தது. மிசஸ் விக்கர்ஸ்.

"திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், கண்ணு. கார் சரியாயிடுச்சா?"

"மிசஸ் விக்கர்ஸ், நான் தோத்துட்டேன். பஸ் இனிமே வராது. என்னை மன்னிச்சிடுங்க."

"அழாதே. பஸ் வந்துட்டா நீ காரை எடுத்துட்டு வர மாட்டியே, அதனாலதான் நாங்க நாலு பேரும் பேசி வச்சு கிரீவ்ஸுக்குப் போட்டோம்."