சாமிதுரைக்கு வேலை போன கதை

“மேனேஜர் இருக்காரா தம்பி?” என்று போனில் கேட்டார் நைனா முகமது பாய்.

திருமழபாடியில், கொள்ளிடத்து மணலில் பழனிவேல் ஒற்றையாளாக உட்கார்ந்திருந்தான். சுற்றுவட்டத்தில் மேனேஜர் மாதிரி ஒற்றைக்காலில் நின்றது ஒரு கொக்கு மட்டும்தான்.

“மீட்டிங்ல இருக்காருங்க பாய். அஞ்சு நிமிஷத்துல அவரே கூப்புடுவாரு.”

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலை கேட்டில் பார்த்த எழுத்தர் வேலை பறிபோனதும் பழனிவேல் லாரி புக்கிங் ஆரம்பித்திருந்தான். லாரி கிடையாது. ஆபீசும் கிடையாது. ஒரு போனும் மூன்று சிம்மும் உண்டு. விசிட்டிங் கார்டில் கிளார்க் சாமிதுரைக்கு ஒரு நம்பர், மேனேஜர் பாலாஜிக்கு ஒரு நம்பர், முதலாளிக்கு ஒரு நம்பர். தனியாளை நம்பி எவன் லோடு கொடுப்பான்?

பேட்டரியைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்துக்குள்ளிருந்து அடுத்த சிம்மை எடுத்து, ஊதி மாட்டினான். போன் கண்விழிக்கும் அந்த ஒரு நிமிடம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். காற்று மணலை மெல்ல இழுத்துக்கொண்டு போகும். அக்கரை வெயிலில் கரையும். அவனும் கொஞ்சங்கொஞ்சமாக மேனேஜராகிக்கொண்டிருப்பான். மூக்கின்மேல் இல்லாத கண்ணாடி கனக்கும்.

“பாலாஜி பேசறேன். சொல்லுங்க பாய்.”

“லெப்பைக்குடிக்காட்டுக்கு நூத்தம்பது மூட்டை சிமென்ட்டு. செவ்வாக்கெழம கடைக்கு வந்துருமா?”

“திங்கக்கெழமயே வந்துரும்.”

புதன்கிழமையும் வரவில்லை. வாடகைக்குப் பேசிய லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. சாமிதுரை மன்னிப்புக் கேட்டான். பாய் சமாதானமாகவில்லை. உடனே பாலாஜி கூப்பிட்டு, “எல்லாம் அந்தக் கிளார்க் பண்ண கூத்துங்க” என்றார்.

“அப்படியா? முதலாளிய பேசச் சொல்லுங்க.”

முதலாளி சிம் அதுவரை பொட்டலத்தைவிட்டு வெளியே வந்ததில்லை. மாட்டியதும் கொளுத்தும் மணலில் ஏசி அறையின் குளிர் பரவியது. பழனிவேல் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தான்.

“சாமிதுரைய வேலைய வுட்டுத் தூக்கிட்டேன் பாய்.”

பாய் குரல் ஏறியது.

“ரெண்டு பொட்டப்புள்ளய வச்சிருக்கற மனுஷன்ங்க அவரு. அவரு வயித்துல அடிக்கிற கம்பெனி லோடு எனக்கு வேணாம்.”

வைத்துவிட்டார். அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் பழனிவேலின் சொந்தப் பிள்ளைகள். சாமிதுரையாகப் பேசும்போது மட்டும் அவனுக்குப் பொய் சரியாக வராது.

இருந்த ஒரே வாடிக்கை. அவசரமாகப் பாலாஜியை மாட்டினான். “சாமிதுரைய திரும்பச் சேத்துக்கிட்டோம் பாய்!”

“அத அவரு வாயால சொல்லட்டும்.”

சாமிதுரையை மாட்டி முடிப்பதற்குள் பழனிவேல் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்திருந்தான். பழனிவேலுக்கு வேலை போனபோது யாரும் இப்படிச் சண்டை போடவில்லை.

“அழுவுறீங்களா தம்பி? அங்க போவவே போவாதீங்க. இன்ஷா அல்லாஹ், நம்ம கடையிலயே இருந்துக்கலாம். வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகை முடிஞ்சு வாங்க. ஆனா அந்த மேனேஜரு, முதலாளி, நீங்க, மூணு பேரும் வரணும். நேர்ல வச்சுப் பேசி முடிச்சுருவோம்.”

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ்ஸில் மூவர் சீட்டு கிடைத்தது. சோளக்காடுகள் ஓட ஓட அவனுக்குக் கண் சொக்கியது. சன்னலோரம் முதலாளி, நடுவில் பாலாஜி, ஓரத்தில் சாமிதுரை. மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. கண்விழித்தபோது கையில் ஒரே டிக்கெட் இருந்தது.

லெப்பைக்குடிக்காட்டுக் கடைவாசலில் தொப்பியோடு நின்ற பாய், “வாங்க சாமிதுரை. மத்தவங்க?” என்றார்.

“முதலாளி சிங்கப்பூர் போயிட்டாருங்க. பாலாஜி சாருக்கு மஞ்சக்காமாலை…”

“அடடா. உள்ள உக்காருங்க” என்று பாய் குடோன் பக்கம் போய்விட்டார்.

உள்ளே கிடந்த நாற்காலியில் பழனிவேல் நுனியில் உட்கார்ந்தான். கடையில் கூட்டிப் பெருக்கும் பாப்பாயி தட்டோடு வந்து, அவன் முன்னால் மூன்று டீயை வரிசையாக வைத்தாள்.

“இல்லீங்க… மத்த ரெண்டு பேரும் வரலை” என்றான்.

பாப்பாயி சொன்னாள்: “தெரியுங்க. மூணு பேரு வருவாங்க, நாற்காலி ஒண்ணு போதும், டீ மட்டும் மூணு குடுன்னு பாய் காலையிலயே சொல்லிட்டாரு.”