சுங்கத்தில் விட்டுவந்த பல்வரிசை

விதிமுறை தெரியாதவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லோரோடும் வெளியே போய்விடுவான். தெரிந்தவன்தான் வரிசையில் நின்று அவமானப்படுவான். நான் நின்றேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் இறக்குமதிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு போல்ட்டைக்கூடக் கணக்கில் காட்டாமல் துறைமுகத்தைவிட்டு எடுத்ததில்லை. (இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் மனைவி சரோஜா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.)

ஓய்வு பெற்ற ஐந்தாம் வருடம் கீழ்வரிசையில் ஒரு பல்கூட மிச்சமில்லை. மூத்த மகள் கோலாலம்பூரில் இருந்தாள். அங்கே ஒரு டாக்டர் என் தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகளைப் பதித்தார். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம். மறுபடி போனபோது, அவற்றின் மேல் டக்கென்று உட்காரும் பல்வரிசை ஒன்றைக் கொடுத்தார். வேண்டும்போது கழற்றிக் கழுவலாம்.

இவ்வளவும் இளையவள் கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்காக. புதுவாயல் மண்டபத்தில் லக்ன பத்திரிகையை அப்பாதான் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பல் இல்லாமல் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். 'சௌபாக்கியவதி' முன்வரிசை முழுக்கத் தெறித்தது. (முன்வரிசையில் சரோஜா.)

நிச்சயத்துக்கு முதல் நாள் மத்தியானம் நானும் சரோஜாவும் சென்னை விமான நிலையத்தில் இறங்கினோம். நான் நேராகச் சுங்க மேஜைக்கு நடந்தேன்.

"இன்னாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் போய்க்கினு இருக்காங்க" என்றாள் சரோஜா.

"வெளிநாட்டில் வாங்கின பொருள். மதிப்பு வரம்பைத் தாண்டியது. சொல்லியாக வேண்டும்."

"வாய்க்குள்ள இருக்கறத யாருங்க கேக்கப் போறாங்க?"

அதிகாரி நிமிர்ந்தார். "இன்னா சார் கொண்டாந்தீங்க?"

கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவர் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார்.

"சார், இது உங்க உடம்பு சார். வாயில போட்டுக்கினு கெளம்புங்க."

"உடம்பு என்பது திருகு மட்டும்தான். இது தனி உருப்படி. வரி இல்லை என்றால் எழுத்தில் கொடுங்கள்." (பல் இல்லாமல் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது.)

"எழுத்துலன்னா மேல ஆபீசர் பாக்கணும். நாளைக்கு மத்தியானம்தான் வருவாரு. அதுவரைக்கும் பொருள் இங்கியே இருக்கணும். இன்னாத்துக்கு சார் பேஜாரு? எடுத்துக்கினு போங்க."

அவர் மூன்று முறை சொன்னார். ரசீது போடுங்கள் என்றேன் நான். 'பல்வரிசை, ஒன்று' என்று எழுதினார். 'கீழ்' விட்டுப்போயிருக்கிறது என்று திருத்த வைத்தேன்.

செங்குன்றம் தாண்டும்போதுதான் நிச்சயதார்த்தம் என் நினைவுக்கு வந்தது.

"கவிதாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் சரோஜா.

கவிதா ரசீதை வாங்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "பரவால்லப்பா, நீதான் படிக்கணும்" என்றாள். அழுதிருந்தால் தேவலை.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டு வரி வாசித்தேன். விசில் சத்தமும் எச்சிலுமாக வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, பள்ளிப்பட்டில் ரைஸ்மில் வைத்திருப்பவர், என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா சம்பந்தி, பல்லு எங்க?"

சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு துண்டை வாயருகே கொண்டுபோய், தன் பல்செட் இரண்டையும் கழற்றி அதில் முடிந்துகொண்டார்.

"படிங்க. நானும் கூடப் படிக்கறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். மண்டபமே சிரித்தது, இந்த முறை எங்களோடு. ஆனால் முகூர்த்தத் தேதி ஒருவருக்கும் விளங்கவில்லை. கவிதா எழுந்து வந்து என் தோள்மேல் கை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் உரக்க வாசித்தாள்.

அன்று சாயங்காலமே பல்வரிசை கைக்கு வந்தது, 'வரி விதிக்கத் தக்கதல்ல' என்ற கடிதத்தோடு. இப்போதும் எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் வாசலில் நின்று, சுங்கச் சோதனைக்குப்போல என்னிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். சம்பந்தி பேருந்தில் பள்ளிப்பட்டு போகும்போதுகூட.

அந்தக் கடிதத்தை நான் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.