கரைகாத்தான் என்றால் எந்தக் கரைகாத்தான்?

அபூர்வமான பெயர் வைத்திருப்பவனுக்கு ஒரு திமிர் தானாக வந்துவிடும். மற்றவர்கள் படித்து, சம்பாதித்து, உடம்பை வளர்த்துத் திமிர் கொள்ள வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸே போதும். கல்பாக்கம் குடியிருப்பில் நான் படித்த வகுப்பில் ஐந்து கார்த்திக்குகள். அதில் குண்டு கார்த்திக் உண்டு, பல்லு கார்த்திக் உண்டு, எந்த அடைமொழிக்கும் தேறாமல் வெறும் கார்த்திக்கும் உண்டு. டீச்சர் "கார்த்திக்" என்றால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும். "கரைகாத்தான்" என்றால் நான் ஒருவன்தான். (நான் எழுந்து நிற்பதற்குள் வகுப்பு சிரித்து முடித்திருக்கும். அதைப் புகழ் என்றே எடுத்துக்கொண்டேன்.)

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எங்கள் பூர்வீகம் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிற கிராமம். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டதாம். எங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒருவர் உடைப்பில் இறங்கி, தன் உடம்பையே அடைப்பாகக் கொடுத்து, விடியும்வரை நின்று ஊரைக் காப்பாற்றினாராம். அவர்தான் கரைகாத்த ஐயா. முறுக்கிய மீசையும் கையில் அரிவாளுமாக இன்றும் கரைமேல் நிற்கிறார். எங்கள் குலதெய்வம்.

இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்வேன். சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். கல்லூரியில் சொன்னபோது ஐயாவுக்கு முழங்கால்வரை இருந்தது. வேலைக்கான இண்டர்வியூவில் மார்புவரை. பெண் பார்க்கப் போன இடத்தில் மூக்கைத் தொட்டுவிட்டது.

பெண் பார்த்தது செங்கல்பட்டில், தொண்ணூறுகளின் கடைசியில். பெண்ணின் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அதற்குமுன் என்னைப் பார்த்த சில வீட்டுக்காரர்கள் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், இன்றுவரை அனுப்பவில்லை. இங்கே மாமனார் கதையை ரசித்துக் கேட்டார். தண்ணீர் மூக்கைத் தொட்ட இடத்தில், கதவோரம் நின்றிருந்த பெண் வாயைத் திறந்தாள்.

"அப்போ மூச்சு எப்படி விட்டாரு?"

அம்மாக்காரி முறைக்க, உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு கேள்வியில் நான் காலி. கட்டினால் இந்தச் சுமதியைத்தான் கட்டுவது என்று அந்த பஜ்ஜியின் மீதே சத்தியம் செய்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. டீக்கடையும் பொருந்த வேண்டும். பெண் வீட்டார் ஒருவர் மாப்பிள்ளையின் பூர்வீக ஊருக்குச் சொல்லாமல் போவார். ஒரு டீ சொல்லிவிட்டு, "இந்தப் பையன் எப்படி?" என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். டீக்கடை உதட்டைப் பிதுக்கினால் சம்பந்தம் போச்சு. மாமனார் நாகரிகமானவர், சொல்லிவிட்டே அனுப்பினார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு போன் வந்தது.

"தம்பி, எங்க மச்சான் அன்னைக்கு பொண்ணு பார்க்கறப்ப வர முடியலை. நாளைக்கு அந்தப் பக்கமா போறாரு. உங்க ஊர்ல யாரைக் கேக்கணும், எந்தத் தெரு?"

"தெருவெல்லாம் எதுக்கு சார்? கரைகாத்தான்னு பேரைச் சொன்னாலே போதும். இந்தப் பேர்ல உலகத்துலயே ஒருத்தன்தான்."

(உலகத்தை எதற்கு இழுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்.

"எந்தக் கரைகாத்தான்னு கேப்பாங்களே?"

"எந்தன்னா?"

"ஊர்ல பத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்களேடா. நம்ம பங்காளிங்க அத்தனை வூட்லயும் மூத்த பையனுக்கு அந்தப் பேருதானே."

வருஷா வருஷம் ஆடியில் பொங்கல் வைக்க அந்த ஊருக்குப் போகிறேன். ஒருவரைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை என்றேன்.

"எப்படிக் கூப்பிடுவாங்க? சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அப்புறம் அந்தப் பேரைச் சொல்லியே திட்டவும் வேண்டியிருக்கும். அதான் எல்லாருக்கும் பட்டப்பேரு. நம்ம மொட்டை யாருன்னு நெனச்ச? டிராக்டரு? ஒண்டிக்கட்டை?"

"ஏம்பா, இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ கேக்கலை."

ஒண்டிக்கட்டை சித்தப்பா என் கண்முன் வந்து நின்றார். பெயர்தான் ஒண்டிக்கட்டை; குடும்பம் இரண்டு, ஒன்று இந்த ஊரில், இன்னொன்று மதுராந்தகத்தில். மொட்டை பெரியப்பா ஒரே மாட்டை இரண்டு பேருக்கு விற்றவர். என் பெயரைச் சொல்லி விசாரிக்கப் போகிற மனிதருக்கு இவர்களில் யார் கதை கிடைத்தாலும் சுமதி எனக்கில்லை. என் தூக்கமும் அத்தோடு போனது.

விடிந்ததும் பக்கத்து வீட்டு மொபெட்டைக் கடன் வாங்கிக்கொண்டு பறந்தேன். (மொபெட் பறக்காது. சைக்கிளில் போன பால்காரர் ஒருவர் என்னைத் தாண்டும்போது நலம் விசாரித்தார்.) ஊர் எல்லையில் டீக்கடை. பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் பார்த்திராத முகம்; மாமனார் சொன்ன மச்சான், சுமதியின் தாய்மாமன் ராஜவேலுதான். முந்திக்கொண்டுவிட்டார்.

"கரைகாத்தானா? நான்தான்பா, இன்னா வோணும்?" என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார் கடைக்காரர். ஊரில் அவரை பாய்லர் என்பார்கள்.

"நீங்க இல்லீங்க. செங்கல்பட்டுல பொண்ணு பார்த்துட்டு வந்தாரே..."

"நம்மளுக்கு மூணு பேரப் பசங்க கீறாங்க. இந்த வயசுல எவன் பொண்ணு குடுப்பான்? வேற கரைகாத்தானா இருக்கும். மொட்டையா? ஒண்டிக்கட்டையா? அவன் பார்த்தாலும் பார்த்திருப்பான்."

ராஜவேலு மாமா டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அவர் எழுந்து நடக்கத் தொடங்கினால் என் கல்யாணமும் கூடவே நடந்து போய்விடும். நேராகப் போய், "மாமா, நான்தான் அந்த மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் எனக்குப் பதற்றம் வந்தால் மூளை வேலை செய்யாமல் இருக்காது. தப்பாக வேலை செய்யும். அவர் என்னைப் பார்த்ததில்லை. என் போட்டோவைப் பார்த்திருந்தாலும் பயமில்லை. ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்த அந்த முகத்தை என் அம்மாவாலேயே அடையாளம் காண முடியவில்லை. பாய்லர் பால் எடுக்க உள்ளே போன நேரமாகப் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"என்ன சார், கரைகாத்தானையா விசாரிக்கிறீங்க?"

"ஆமா தம்பி. நீங்க?"

"கார்த்திக்."

அபூர்வப் பெயர்க்காரன் அவசரத்துக்குக் கையில் எடுத்த பெயரைப் பாருங்கள்.

"அவனை உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? தங்கம் சார். சிகரெட் வாசனை வந்தா வேற ரோட்டுல போவான். அம்மா இருமினா இவனுக்குக் கண்ல தண்ணி வரும். இங்கிலீஷ் பேசினா நாம கேட்டுகிட்டே இருக்கலாம்."

"பார்க்க எப்படி?"

"என்னைவிட நல்லா இருப்பான்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே. கோபதாபம்?"

"அவனுக்கா? கொசுவைக்கூட அடிக்க மாட்டான். ஊதித்தான் அனுப்புவான்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். அவன் ரத்ததானம் செய்வதையும், கோவளத்தில் கடலில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றியதையும் சேர்த்தேன். (எனக்கு நீச்சல் தெரியாது.) மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பட்டென்று விழுந்தது.

டிராக்டர் அண்ணன்.

"டேய் கரண்ட்டு, எப்பொ வந்த? உன்னைப் பத்தி விசாரிக்க செங்கல்பட்டுலேர்ந்து ஆளு வந்துகீதாமே, பார்த்தியா?"

அப்பா மின் நிலையத்தில் வேலை பார்ப்பதால் நான் பிறந்ததிலிருந்து அந்த ஊருக்குக் கரண்ட்டு. அந்த நிமிஷம்வரை அதுவும் எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து பாலோடு வந்த பாய்லர் தலையில் அடித்துக்கொண்டார். "அட, நம்ம கரண்ட்டும் கரைகாத்தான்தானே, மறந்தே பூட்டேன். இந்தாங்க சார், நீங்க கேட்ட ஆளு உங்க பக்கத்துலயே குந்திகினு கீறான்."

ராஜவேலு மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"கார்த்திக்?" என்றார்.

ஓடினேன். மொபெட் அவருக்குப் பின்னால் நின்றதால் கால்களை நம்பி ஓடினேன். ஏன், எங்கே என்று கேட்காதீர்கள். ஏரிக்கரைமேல் ஏறி, ஐயா சிலையைத் தாண்டி, மதகுப் பக்கமாக இறங்கினால் குறுக்கு வழி என்று நினைத்தேன். தண்ணீர் வற்றிய ஏரி மேலே காய்ந்து, உள்ளே களியாக இருந்தது. நாலு எட்டு வைத்ததும் இடுப்புவரை இறங்கிவிட்டேன். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் ஆழமாகப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கரைமேல் வரிசையாகத் தலைகள். மொட்டை, டிராக்டர், ஒண்டிக்கட்டை, பாய்லர், இன்னும் ஆறேழு பேர். ஊரிலிருந்த அத்தனை கரைகாத்தான்களும் ஒரே இடத்தில் கூடியது அன்றைக்குத்தான். நடுவில் மஞ்சள் பையோடு ராஜவேலு மாமா.

"சரியா அதே எடம்பா" என்று பாய்லர் வியந்தார்.

"எந்த எடம்?" என்றார் மாமா.

"ஐயா மாட்டிகினாரே, அந்த எடம். ராத்திரில திருட்டுத்தனமா மீன் புடிக்க வந்தாரு சார். கரை உடைஞ்ச சத்தம் கேட்டு, பயந்து ஓடப் பார்த்து, உடைப்புலயே சிக்கிகினாரு. விடியற வரைக்கும் 'காப்பாத்துங்க'ன்னு கத்திகினே கீறாரு. அவரு உடம்பு அடைச்சிகினதுல தண்ணி நின்னுது, ஊரு பொழைச்சுது. அப்புறம் சாமியாக்கிட்டாங்க."

இந்தக் கதையை இருபத்தேழு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. (கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அப்பா பாணியில்.)

மாமா கரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். மஞ்சள் பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, எனக்கு வீசிய கயிற்றின் மறுமுனையைத் தானும் பிடித்தார். என்னை வெளியே இழுத்தார்கள். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்று மாலை அவர் செங்கல்பட்டில் என் மாமனாரிடம் சொன்ன தீர்ப்பைப் பிறகு சுமதியே எனக்கு நடித்துக் காட்டினாள். "பையன் பொய் சொல்றான் மாமா. ஆனா வரலை. ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்கூட அவனால ஒரு பொய்யைக் காப்பாத்த முடியலை. சின்ன வீடெல்லாம் இவனுக்குக் கட்டுப்படி ஆகாது. தைரியமா குடுக்கலாம்."

சுமதி கேட்டது ஒன்றுதானாம். "மூச்சு விட முடிஞ்சுதா?"

"இடுப்பு வரைக்கும்தாம்மா சேறு."

"அப்ப சரி" என்றிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கரண்ட்டு' என்று அச்சடித்தோம். இல்லாவிட்டால் ஊரில் யார் கல்யாணம் என்று குழம்பிவிடும்; ஒண்டிக்கட்டை சித்தப்பா மேல் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

எங்கள் ஊரில் இப்போது பிறக்கிற பிள்ளைகளெல்லாம் ஹரிஷ், தர்ஷன். ஒருவழியாக என் பெயர் நிஜமாகவே அபூர்வமாகிவிட்டது. ஆனால் அதனால் எனக்கு லாபம் இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். 'ஏங்க' என்று கூப்பிடுவது சுமதிக்குப் பிடிக்காது. யோசித்து, எந்த விதியையும் மீறாத ஒரு வழி கண்டுபிடித்தாள்.

கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த பிறகும் அது மாறவில்லை. மூன்றாவது மாடி பால்கனியில் நின்று அவள் "கார்த்திக், தேங்காய் வாங்க மறந்துடாதீங்க" என்று குரல் கொடுப்பாள். கீழே ஐ.டி. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களில் மூன்று நான்கு பேர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவர்களுக்கு முன்னால் நான் நிமிர்ந்திருப்பேன்.