வேடன் அண்ணன் வெள்ளைத் துண்டு போட்ட வாரம்

பேரண்டங்கள் மொத்தம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனையிலும் சேர்த்து வேடன் அண்ணன் ஒருத்தர்தான் இருக்க முடியும் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவர் திண்டுக்கல் நாகல் நகரில் பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டினார். மற்றப் பேரண்டங்கள் தப்பித்தன.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மகளை அவர் ஆட்டோவில் சேர்ப்பதற்கு முன் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டு வாங்கித்தான் பார்த்தேன். பதற்றத்தில் பெயரை விட்டுவிட்டுக் காலாவதித் தேதியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு கேள்விகள் கேட்டேன். எவ்வளவு வேகத்தில் போவீர்கள், பக்கவாட்டுக் கம்பி கெட்டியாக இருக்குமா, நடுவழியில் டீ குடிக்க இறங்குவீர்களா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர், கடைசியில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த யாழினியை எட்டிப் பார்த்து, திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா வேடன் கட்சியா, மாறன் கட்சியா?"

நிழல்வேடனையும் இடிமாறனையும் தெரியாத பெற்றோர் இருந்தால் அவர்கள் புண்ணியம் செய்தவர்கள். இருவரும் சித்திரக்கதை சூப்பர் ஹீரோக்கள். பிள்ளைகளின் பை, தண்ணீர்ப் பாட்டில், பனியன் என்று நாம் காசு கொடுக்கும் பொருளில் எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பவர்கள். மாறன் பறப்பான், மலையைத் தூக்குவான், எந்நேரமும் சிரிப்பான். வேடனுக்குச் சக்தி ஒன்றும் கிடையாது. முகமூடி, கறுப்புப் போர்வை, முகத்தில் ஒரு கடுகடுப்பு. அவ்வளவுதான்.

யாழினி வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், வாசலைத் தாண்டினால் எங்கள் ஊர்ப் பூட்டுதான். பள்ளியில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு விரலை மட்டும் நீட்டி, ஆட்டோவின் முதுகில் வரைந்திருந்த கறுப்புப் போர்வைக்காரனைக் காட்டினாள்.

"நம்ம ஆளு. ஏறு தாயி," என்றார். என் கேள்விகளுக்கு எல்லாம் அது ஒரு பதிலா என்று யோசித்து முடிப்பதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிட்டது.

நிழல்வேடன் ரசிகர் என்றால் சாதாரண ரசிகர் இல்லை, ஊரே வேடன் அண்ணன் என்று கூப்பிடும் அளவுக்கு ரசிகர். காக்கிச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு கறுப்புத் துண்டு, கழுத்தில் முடிச்சுப் போட்டு முதுகில் தொங்கும். சித்திரை வெயிலில் திண்டுக்கல்லே உருகி ஓடும்போதும் தொங்கும். ஆயுத பூசைக்கு விநாயகர் படத்துக்குப் பக்கத்தில் நிழல்வேடன் படத்துக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. ஐம்பதை நெருங்கும் மனிதருக்கு இது தேவையா என்று ஒருநாள் நாசூக்காகக் கேட்டேன்.

"மாறனுக்கு என்னம்மா, பறந்துருவான். வேடன் மாடிப்படி ஏறித்தான் போகணும். மறுநா முதுகு வலிக்கும். வலிச்சாலும் வண்டிய எடுக்கான் பாருங்க, அதுல இருக்கு சங்கதி."

நிழல்வேடன் ஆட்டோ ஓட்டுவதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் திருத்தப் போகவில்லை.

முதல் மாதம் முழுக்க நான் ஸ்கூட்டியில் ரகசியமாக ஆட்டோவைப் பின்தொடர்ந்தேன். நல்ல தாய் அப்படித்தான் செய்வாள் என்று பாதி மனசு சொன்னது. பைத்தியக்காரிதான் செய்வாள் என்று மீதி மனசு சொன்னது. எவ்வளவு ரகசியம் என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய கை வெளியே நீண்டு, 'பின்னால வர்ற ஸ்கூட்டி, பாத்து வா' என்று எனக்கே எனக்காகச் சைகை காட்டும்.

அப்படிப் போனபோதுதான் ரயில்வே கேட் விவகாரம் தெரிந்தது. ஓடுகிற வண்டியில் சத்தம் கூடாது என்பது அவர் சட்டம். கேட் சாத்தியிருந்தால் மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சித்திரக்கதையை எடுப்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு சத்தம் போட்டு வாசிப்பார்கள். சீட்டில் வேடன் கட்சி, எதிர்ப் பலகையில் மாறன் கட்சி. அதனால்தான் என் மகள் சாமி அறையில் கண்ணை மூடி, "இன்னைக்குக் கூட்ஸ் வண்டி வரணும், நீளமா வரணும்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கு நேரமாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. சாமி என்ன செய்யும்?

யாழினிக்கு முதலில் கிடைத்த வேடம், சத்தம். யாராவது யாரையாவது குத்தினால் அவள் "டமால்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வீட்டுக்கு வெளியே பேசிய முதல் சொல். இரண்டு மாதம் டமால். பிறகு ஒருநாள் வேடனுக்கு வாசிக்கும் பையன் காய்ச்சலில் கிடக்க, அண்ணன் புத்தகத்தை அவள் மடியில் வைத்தார். வேடன் அதிகம் பேசமாட்டான், ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான். அவளுக்குப் பொருத்தமான ஆள். அன்றிலிருந்து வேடன் அவளுடையவன். மாறனின் வசனம் பேகம்பூர் ரஹீமா அக்காவின் மகன் இம்ரானுக்கு. அவன் வாசித்தால் கேட் கீப்பர் எட்டிப் பார்ப்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் புத்தகம் வந்தது.

வேறொரு உலகமாம். அங்கே வேடனும் மாறனும் இரண்டு பேர் இல்லையாம், ஒரே ஆளாகவே பிறந்துவிட்டார்களாம். பெயர் இடிவேடன். அட்டையில் கறுப்புப் போர்வை, நெஞ்சில் இடிச் சின்னம், முகமூடிக்குக் கீழே முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. பறக்கவும் செய்கிறான்.

மறுநாள் காலை அண்ணன் வெள்ளைத் துண்டில் வந்தார். தினமும் கறுப்பு போடுகிறவர் துக்கத்துக்கு வேறு எதைப் போடுவார்?

"என்னண்ணே, வீட்டுல யாருக்கும்..."

"பிரியாணியில பாயசத்த ஊத்திட்டாங்ய தாயி."

"அது வேற உலகம்தானேண்ணே."

"எந்த உலகமா இருந்தா என்ன? அங்க இருக்குறவனுக்கு நாக்கு இல்லையா?"

ஆட்டோப் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஆட்டோக் கம்பி ஆடுகிறது, யாராவது அண்ணனிடம் சொல்லலாமா' என்று போன மாதம் நான் கேட்டபோது ஒரு கட்டைவிரல்கூடத் தூக்காத குழு அது. இடிவேடன் வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஓர் அப்பா படைப்புச் சுதந்திரம் பற்றிக் குரல்பதிவே அனுப்பினார். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. வேடனின் பெற்றோர் தீ விபத்தில் செத்தவர்கள், மாறன் மேகத்தில் பிறந்தவன், அப்படியானால் இடிவேடனுக்காகச் செத்தது யார் என்று இன்னொருவர் கேட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார், உடனே திரும்பச் சேர்க்கப்பட்டார். இத்தனைக்கும் நடுவில் ஓர் அம்மா மட்டும், "நாளைக்கு லீவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ரஹீமா அக்கா ஃபோனில் கூப்பிட்டார். "எங்க வீட்டுல இம்ரான் ஒரே அழுகைம்மா. எங்க மாறன் எதுக்கு மூஞ்சிய மூடணும், என்ன தப்புப் பண்ணுனான்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு கடைய ஒண்ணாக்குனா ரெண்டும் படுத்துரும்னு அவுக அத்தாவே சொல்லிட்டுப் போயிட்டாக."

தரம் பார்ப்பதற்காக மட்டும் நானும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாத அளவுக்குத் தரம் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆட்டோ வேண்டும்.

அண்ணன் தடை உத்தரவு போட்டார். இடிவேடன் தன் ஆட்டோவில் ஏறக் கூடாது. பழைய புத்தகங்களோ பிள்ளைகளுக்கு மனப்பாடம், தொடவே மாட்டோம் என்றார்கள். கேட் சாத்தினால் இப்போது ஆட்டோவில் அமைதி. யாழினி சாமியிடம் கூட்ஸ் வண்டி கேட்பதை நிறுத்தினாள். அந்த வாரமே அவள் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "திங்கக்கிழமை வாசிப்புத் தேர்வு வச்சிருக்கோம்மா. இந்தத் தடவையும் வாயத் திறக்கலைன்னா, இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்னு ஹெச்.எம். மேடம் நினைக்கிறாங்க."

நான் நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு காகிதக் கோமாளிக்காக என் பிள்ளையின் ஒரு வருடம் போவதா என்று கேட்டுவிடும் ஆத்திரத்தில்தான் போனேன். அவரைப் பார்த்ததும் வழக்கம்போல, "செத்த நேரம் பேசலாமாண்ணே" என்றுதான் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பிடிக்கலங்கிறது வாஸ்தவந்தேன். ஆனா அதுக்காக மட்டும் தடுக்கல தாயி. முன்ன ரெண்டு ஆளு, ரெண்டு வாயி. இப்ப ஒரு ஆளாக்கிட்டாங்ய. யாரு வாசிப்பா? இம்ரான் பயதேன். அவன் போடுற சத்தத்துல உங்க புள்ள திரும்ப டமாலுக்குப் போயிரும். அம்புட்டுக் கஷ்டப்பட்டுத் தொறந்த வாயி."

குழுவில் வந்த நூற்றுக்கணக்கான கருத்துகளில் இப்படி ஒன்று இல்லை. ஆட்டோவின் பக்கவாட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "கம்பி கொஞ்சம் ஆடுதுண்ணே" என்றேன்.

"பாத்துருவோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் ஸ்கூட்டியை எடுத்தேன். கேட் சாத்தியிருந்தது. ஆட்டோவுக்கு ஒட்டிப் பின்னால் நின்றேன். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வந்தது, நீளமாக. பலகையில் இருந்த இம்ரான் சட்டைக்குள்ளிருந்து இடிவேடனை உருவினான். அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏலே, அத உள்ள வையி."

"ஒரே பக்கம் மாமா."

"நீயே வாசிச்சு நீயே கேக்கவா?"

அவன் காதில் வாங்காமல் ஆரம்பித்தான். "நான்தான் இடிவேடன்" என்றது ஊருக்கே கேட்டது. யாழினியின் கை நீண்டு புத்தகத்தைப் பிடித்தது. அவன் இழுத்தான், அவளும் இழுத்தாள். நான் ஸ்டாண்டைப் போட்டு இறங்க ஒரு காலை எடுத்தேன். அப்போது அண்ணனின் கை வெளியே நீண்டது. 'பின்னால வர்ற ஸ்கூட்டி, நில்லு.'

நின்றேன்.

"அவன் தரையில நிக்கிறப்ப வேடன்," என்றாள் யாழினி. வீட்டில் என்னிடம் சண்டை போடும் அதே குரல். "அத நான் வாசிப்பேன். பறக்குறப்ப மாறன். அப்ப நீ வாசி."

இம்ரான் யோசித்தான். "சிரிக்கிறப்ப?"

"ரெண்டு பேரும்."

வாசித்தார்கள். தரைக்கு அவள், வானத்துக்கு அவன். இடிவேடன் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பேசினான். நடுநடுவே இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன் அந்தப் பாவத்தில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல முதுகைக் காட்டி, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் இடிவேடன் யாரையோ ஓங்கிக் குத்தினான். சத்தம் போடும் வேலையில் இப்போது ஆளே இல்லை.

முன் சீட்டிலிருந்து, வேண்டாவெறுப்பாக, அடித்தொண்டையில் வந்தது. "டமால்."

திங்கள் மாலை ஆசிரியை ஃபோன் செய்தார். "நல்லா வாசிச்சா. ஆனா ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் டமால்னு சொல்றா. ஏம்மா?" எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் யாழினி பள்ளிப் பேருந்தில் போகிறாள். அது கேட் பக்கமே வருவதில்லை. அண்ணன் ஆட்டோவை விற்றுவிட்டுக் குட்டியானை லோடு வண்டி வாங்கி, நத்தத்திலிருந்து மாங்காய் லோடு அடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. கம்பியை மட்டும் சரி செய்திருந்தார்.

போன வாரம் நத்தம் சாலையில் ஸ்கூட்டியில் போகும்போது முன்னால் ஒரு லோடு வண்டி. ஜன்னல் வழியாகக் கறுப்புத் துண்டு படபடத்தது. எல்லோரும் வண்டிக்குப் பின்னால் தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் பெயின்டில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'டமால்'.

கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். கை வெளியே நீண்டு, 'பின்னால வர்ற ஸ்கூட்டி, முந்திப் போ' என்று காட்டியது.

நான் முந்தவில்லை.